மண்ணும் கணக்கும்: சிவில் பொறியியல் என்னும் தொழில்



"பையன் நான்காம் படிவத்துக்குப் போகிறான், எந்தப் பாடங்களை எடுக்கச் சொல்வது?" "மகளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது. எஞ்சினியருக்குப் படிக்க வையுங்கள் என்று ஆசிரியை சொல்கிறார். அது பெண் பிள்ளைக்கு ஏற்ற வேலையா?" இவை நம் பெற்றோர் பலருடைய மனத்தில் இருக்கும் கேள்விகள். பேராக் மாநிலத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்த குடும்பங்கள் பல இன்று தோட்டத்தில் இல்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. வேறு சில இடங்களில் தாமான்கள் எழுந்தன. குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பத்து காஜாவுக்கும் பெயர்ந்தன. ஆனால் பிள்ளையின் படிப்பைப் பற்றிய கேள்வி மட்டும் மாறவில்லை. ஆகவே சிவில் பொறியியல் என்றால் என்ன, அதைப் படித்தவர் என்ன வேலை செய்கிறார், அந்த இடத்தை அடைய எந்த வழியில் போகவேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

பொறியியலில் கிளைகள் பல. இயந்திரங்களைப் பற்றியது ஒன்று. மின்சாரத்தைப் பற்றியது ஒன்று. ரசாயனத் தொழிற்சாலைகளைப் பற்றியது மற்றொன்று. மண்ணின்மேல் நிலையாக நிற்கவேண்டியவற்றையும், மண்ணின்மேலும் அடியிலும் ஓடும் நீரையும் பற்றியது சிவில் பொறியியல். சாலை, பாலம், ரயில் பாதை, அணை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய், மலைச்சரிவைத் தாங்கும் சுவர், அடுக்குமாடியின் தூணும் உத்திரமும் எல்லாம் இதில் அடங்கும்.

ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். அறைகள் எங்கே, சன்னல்கள் எங்கே, வீடு எப்படித் தோற்றமளிக்கவேண்டும் என்று தீர்மானிப்பவர் கட்டடக் கலைஞர். ஆட்களையும் பொருள்களையும் திரட்டிக் கட்டி முடிப்பவர் குத்தகையாளர். இந்த இருவருக்கும் நடுவே நின்று, "இந்த மண் இந்தப் பாரத்தைத் தாங்குமா? இந்தத் தூணுக்குள் எத்தனை கம்பி வேண்டும்? மழைநீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டு, கணக்குப் போட்டு விடை சொல்லி, அந்த விடைக்கு அடியில் கையெழுத்தும் இடுகிறவர் சிவில் பொறியியலாளர். கையெழுத்து என்னும் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தொழிலின் பெருமையும் பாரமும் அதில்தான் இருக்கின்றன.

நம் மாநிலம் சிவில் பொறியியலுக்கு ஒரு பள்ளிக்கூடம் போன்றது. மலாயாவின் முதல் ரயில் பாதை, தைப்பிங்கிலிருந்து அன்று போர்ட் வெல்டு என்று அழைக்கப்பட்ட கோல செப்பெத்தாங் வரை, 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் திறக்கப்பட்டது. தூரம் 13 கிலோமீட்டர் அளவுதான். அதைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் அணிகள் வரவழைக்கப்பட்டன. கோலகங்சாருக்கு அருகே பேராக் ஆற்றைக் கடக்கும் விக்டோரியா ரயில் பாலம் 1900-இல் திறக்கப்பட்டது. பின்னாளில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே மலையைக் குடைந்து, ஏறக்குறைய 800 மீட்டர் நீளத்துக்கு மெனோரா சுரங்கப்பாதை அமைத்தார்கள். 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை இரட்டை ரயில் பாதை அமைத்தபோது, புக்கிட் பெராப்பிட் மலையடியில் 3.3 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் தோண்டப்பட்டது. அந்தத் திட்டம் 2014-இல் முடிந்தது.

பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லிஸ் மாளிகையைப் பலர் சுற்றுலாவாகப் போய்ப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் ஒரு சிவில் எஞ்சினியர் என்பது பலருக்குத் தெரியாது. 1890-இல் இருபது வயது இளைஞராக ஸ்காட்லாந்திலிருந்து வந்தார். நில அளவை, காடு திருத்தும் வேலைகளில் சேர்ந்தார். பிறகு கிந்தாவில் நிலம் வாங்கி ரப்பர் பயிரிட்டுத் தோட்ட முதலாளி ஆனார். 1915-இல் அந்த மாளிகை வேலையைத் தொடங்கினார். தென்னிந்தியத் தொழிலாளர்கள் அதில் உழைத்தார்கள். காய்ச்சல் பரவிப் பலர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டபடி அருகிலேயே ஒரு மாரியம்மன் கோயிலும் எழுந்தது. 1926-இல் கெல்லி ஸ்மித் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது.

இதை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேராக்கின் தண்டவாளத்திலும் சடக்கிலும் கட்டடங்களிலும் நம் முன்னோரின் கை இருக்கிறது. ஆனால் அன்று மண் சுமந்த கை ஒன்று, வரைபடத்தில் கணக்குப் போட்ட கை வேறொன்று. அந்த இரண்டாவது கை நம் வீட்டுப் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம். அதற்கு வேண்டிய கல்லூரிகள் இன்று நம் மாநிலத்திலேயே இருக்கின்றன.

சரி, அந்தக் கணக்கு எதைப் பற்றியது?

முதலாவது, மண். தெலுக் இந்தான் நகரின் சாய்ந்த கோபுரத்தை எல்லாரும் அறிவோம். 1885-இல் நகரத்துக்குத் தண்ணீர்த் தொட்டியாகக் கட்டப்பட்ட கோபுரம் அது. உயரம் ஏறக்குறைய 25 மீட்டர். அது கட்டப்பட்ட நிலம் மென்மையானது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. தொட்டி நிறைய அப்படிப்பட்ட பாரம் ஏறியதும், மண் ஒரு பக்கம் அதிகமாக அமுங்கிவிட்டது; கோபுரமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்று நாம் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். ஒரு பொறியியலாளர் அதைப் பார்த்தால், "கட்டுவதற்கு முன்னால் மண்ணைக் கேட்டார்களா?" என்றுதான் நினைப்பார்.

மண்ணைக் கேட்பது எப்படி? அதற்கும் முறை இருக்கிறது. சிறு கட்டடங்களுக்கு மெக்கிண்டாஷ் என்னும் கருவியைப் பயன்படுத்துவார்கள். கூர்முனையுள்ள இரும்புக் கம்பியை நிலத்தில் நிறுத்தி, 5 கிலோ எடையுள்ள சுத்தியலை 280 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் விழவிடுவார்கள். கம்பி 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டியிருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். அடி குறைவாக இருந்தால் மண் மென்மை. அதிகமாக இருந்தால் உறுதி. பெரிய கட்டடங்களுக்கு ஆழமாகத் துளையிட்டு, மண்ணையும் பாறையையும் மேலே எடுத்து, சோதனைச்சாலைக்கு அனுப்புவார்கள்.

கிந்தாப் பள்ளத்தாக்கில் இந்தச் சோதனை மிகவும் முக்கியம். ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளை நாம் தினமும் பார்க்கிறோம். அதே கல் நம் காலடியிலும் இருக்கிறது. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சற்றே அமிலமாகி, அந்தக் கல்லை மெல்ல மெல்லக் கரைக்கிறது. மலைக்குள் குகைகள் உண்டானது போலவே நிலத்துக்கு அடியிலும் பொந்துகள் உண்டாகின்றன. ஓரிடத்தில் 5 மீட்டரில் பாறை கிடைக்கும். சில அடி தள்ளித் தோண்டினால் 20 மீட்டர் போயும் கிடைக்காது. அதற்கு மேலே பழைய ஈய லம்பங்கள் விட்டுச்சென்ற மணலும் சேறும் கிடக்கின்றன. ஈயத்தைக் கழுவியபோது ஒதுங்கிய அந்த நுண்ணிய சேறு பல ஆண்டுகள் ஆனாலும் கெட்டிப்படுவதில்லை. அதன்மேல் சோதனையின்றி வீடு கட்டினால் சுவரில் விரிசல் விழும்; தரை இறங்கும். அடுத்த முறை ஒரு தாமானில் வீடு வாங்கப் போகும்போது, "இது முன்பு லம்பமா?" என்று கேட்பதில் தவறில்லை.

மலையும் அப்படியே. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் ஈப்போவில் குனோங் சேரோ மலையிலிருந்து பெரும் பாறைப் பகுதி பெயர்ந்து, அடிவாரத்து வீடுகளின்மேல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். எந்தப் பாறை நிற்கும், எந்தப் பாறை பெயரும், வீடு எவ்வளவு தூரம் தள்ளி இருக்கவேண்டும் என்று ஆராய்ந்து சொல்வதும் புவியியல் அறிஞரோடு சேர்ந்து சிவில் பொறியியலாளர் செய்யும் வேலைதான்.

இரண்டாவது, நீர். இதை நம் மக்களுக்கு விளக்குவது எளிது. பால் வெட்டும் தொழிலாளி மரப்பட்டையில் வெட்டுக்கோட்டை எப்படி இடுகிறார்? சாய்வாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இடுகிறார். சரிவு போதாவிட்டால் பால் தேங்கிப் பக்கவாட்டில் வழியும். சரிவு மிகுந்தால் பட்டை வீணாகும். வடிகாலும் அப்படித்தான். சரிவு குறைந்தால் மண் படிந்து அடைபடும். சரிவு கூடினால் ஓட்டத்தின் வேகம் கரையையே அரித்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள சரியான சரிவைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் பொறியியல்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். 40 ஹெக்டர், அதாவது சுமார் 100 ஏக்கர் நிலம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் ஊரில் மாலை மழைக்கு இது புதிதல்ல. 40 ஹெக்டர் என்பது 400,000 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் என்பது 0.05 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 20,000 கன மீட்டர். எடையில் 20,000 டன் தண்ணீர். அந்த நிலம் ரப்பர்க் காடாக இருந்தபோது இலையும் புல்லும் மண்ணும் அதில் பெரும் பங்கைப் பிடித்து வைத்து மெதுவாக விட்டன. அதே நிலம் தாமானாக மாறி, கூரையும் தாரும் சிமெண்டுமாக ஆனபிறகு, தண்ணீரில் பெரும் பகுதி உடனே கால்வாய்க்கு ஓடுகிறது. கால்வாய் பழைய அளவில் இருந்தால் கீழேயுள்ள கம்பத்தில் வெள்ளம் புகுகிறது. "தோட்டம் இருந்த காலத்தில் இங்கே தண்ணீர் ஏறியதே இல்லை" என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, புதிய தாமான் கட்டுவோர் மழைநீரைத் தங்கள் நிலத்திலேயே சிறிது நேரம் தேக்கி, மெதுவாக வெளியே விடவேண்டும் என்பதை வடிகால் நீர்ப்பாசன இலாகா 2001 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தாமான் ஓரத்தில் நாம் காணும் குளங்கள் பல அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. அவற்றின் நீளம், அகலம், ஆழம், வாய்க்காலின் அளவு எல்லாவற்றையும் யாரோ ஒரு பொறியியலாளர் கணக்கிட்டிருக்கிறார்.

மூன்றாவது, பொருள். கான்கிரீட் என்பது சிமெண்டு, மணல், கல், தண்ணீர் ஆகிய நான்கின் கலவை. வேலை இலகுவாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால் கலவை எளிதில் ஓடும். ஆனால் காய்ந்தபின் வலிமை குறையும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் லாரியில் வரும் கலவையிலிருந்து 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டிகளை வார்த்து எடுத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். எவ்வளவு பாரத்தில் கட்டி உடைகிறது என்பதைக் குறித்துக்கொள்கிறார்கள். குறிப்பிட்ட வலிமை இல்லாவிட்டால் கட்டிய பகுதியை மேலும் சோதிக்கவேண்டும். தேவையானால் இடிக்கவும் வேண்டும். குத்தகையாளர் முகம் சுளிப்பார். முதலாளி நாள் தள்ளிப்போகிறதே என்பார். அப்போது "முடியாது" என்று சொல்லும் துணிவும் இத்தொழிலின் தகுதிகளுள் ஒன்று.

அந்தத் துணிவு இல்லாமற்போனால், அல்லது கவனம் குறைந்தால் என்ன ஆகும்? 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து விழுந்து 48 பேர் மாண்டார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவு வழுக்கியது, தாங்குசுவர்கள் சரிந்தன, சரிவில் நீர் வடிவதற்கான ஏற்பாடு சரியில்லை. குடியிருந்தவர்கள் தொடுத்த வழக்கில் 2000-இல் உயர்நீதிமன்றம் பலரைப் பொறுப்பாளிகளாகக் கண்டது. அவர்களுள் பொறியியலாளரும் ஒருவர். கட்டடத்தின் தூணை மட்டும் பார்த்தால் போதாது, அதன் பின்னால் உள்ள மலையையும் பார்க்கவேண்டும் என்பது நாடு அன்று கற்ற பாடம்.

இதுவரை தொழிலின் உள்ளடக்கத்தைப் பார்த்தோம். இனி அதற்குச் செல்லும் வழியைப் பார்ப்போம்.

முதல் வாசல் நான்காம் படிவம். மூன்றாம் படிவம் முடிந்து பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, கூடுதல் கணிதம், பௌதிகம், ரசாயனம் ஆகியவை அடங்கிய தொகுப்பைப் பிள்ளை எடுக்கவேண்டும். இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் வழி தவறுகிறார்கள். "கூடுதல் கணிதம் கடினம்; எளிய பாடங்களை எடுத்தால் நல்ல புள்ளி வரும்" என்று யாரோ சொல்ல, கேட்டுவிடுகிறார்கள். 15 வயதில் விட்ட பாடத்தை 18 வயதில் பிடிப்பது சிரமம். பட்டப்படிப்பின் வாசலே அடைபட்டுப்போகும். மலாய் மொழியையும் வரலாற்றையும் மறக்கக்கூடாது. இந்த இரண்டிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. ஆங்கிலமும் வேண்டும். பொறியியல் நூல்களில் பல ஆங்கிலத்தில் இருக்கின்றன.

எஸ்.பி.எம். முடிந்தபின் வழி இரண்டாகப் பிரிகிறது.

ஒன்று, டிப்ளோமா வழி. ஈப்போவிலுள்ள உங்கு ஒமார் போலிடெக்னிக் 1969-இல் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் போலிடெக்னிக் அதுதான். அங்கே சிவில் பொறியியல் டிப்ளோமா படிக்கலாம். ஏறக்குறைய மூன்று ஆண்டு. நில அளவை, வரைபடம், மண் சோதனை, கான்கிரீட் சோதனை முதலியவற்றைக் கையால் செய்து பழகுவார்கள். படித்து முடித்தவர் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராகவோ தொழில்நுட்ப உதவியாளராகவோ வேலைக்குச் சேரலாம். சீக்கிரம் சம்பாதித்துக் குடும்பத்துக்கு உதவவேண்டிய பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. பின்னர் பட்டப்படிப்பைத் தொடரவும் இடமுண்டு. டிப்ளோமாவைத் தாழ்வாக நினைப்பது நம்மிடையே உள்ள ஒரு தவறான எண்ணம். அளவெடுக்கத் தெரிந்த நல்ல மேற்பார்வையாளர் இல்லாத தளத்தில் எந்த எஞ்சினியரின் கணக்கும் சரியாக நிறைவேறாது.

மற்றொன்று, பட்டப்படிப்பு வழி. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது அடிப்படைப் படிப்பு முடித்து, நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் சேரவேண்டும். நம் மாநிலத்தில் ஸ்ரீ இஸ்கண்டாரில் 1997 முதல் இயங்கும் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு உண்டு. மாநில எல்லையைத் தாண்டியதும் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதலியவற்றிலும் உண்டு.

பெற்றோர்கள் இங்கே ஓர் எச்சரிக்கையைக் கவனிக்கவேண்டும். எந்தக் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன்னாலும், அந்தப் பட்டப்படிப்பைப் பொறியியல் அங்கீகார மன்றம் ஏற்றிருக்கிறதா என்று விசாரியுங்கள். விளம்பரத் தாளையோ முகவரின் வாக்கையோ நம்பிவிடாதீர்கள். அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு வந்தால், பின்னால் பதிவு பெறுவதில் சிக்கல் வரும். அங்கீகாரம் பெற்ற மலேசியப் பட்டத்துக்கு வெளிநாடுகளிலும் மதிப்புண்டு. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009-இல் முழு உறுப்பினராயிற்று.

பணத்துக்கு என்ன செய்வது? அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கட்டணத்தின் பெரும் பகுதியை அரசே ஏற்கிறது. பொதுச் சேவை இலாகாவின் உபகாரச் சம்பளம், பி.டி.பி.டி.என். கல்விக் கடன், 1984-இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். கடன் என்பது திருப்பிக் கட்டவேண்டியது என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பட்டம் வாங்கியதும் ஒருவர் முழுப் பொறியியலாளர் ஆகிவிடுவதில்லை. 1967-ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் 1972-இல் அமைந்த மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் முதலில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்துகொள்ளவேண்டும். அதன்பின் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம். பிறகு தொழில் தகுதித் தேர்வு. அதில் தேறிய பின்னரே நிபுணத்துவப் பொறியியலாளர் என்ற தகுதி; பெயருக்கு முன்னால் 'ஐ.ஆர்.' என்ற இரண்டு எழுத்து. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வரைபடங்களில் கையெழுத்திட்டு அரசாங்க இலாகாக்களுக்கு அனுப்ப விரும்புபவர் அதற்குத் தனியாகச் சான்று பெறவேண்டும். எஸ்.பி.எம். முடித்த நாளிலிருந்து எண்ணினால் பத்து ஆண்டுகள் கழியலாம். பொறுமை இல்லாதவர்களுக்கு இது நீண்ட பாதைதான்.

வேலை எங்கே கிடைக்கும்? பொதுப்பணி இலாகா, வடிகால் நீர்ப்பாசன இலாகா, நகராண்மைக் கழகங்கள், தண்ணீர் வாரியங்கள், ஆலோசனை நிறுவனங்கள், குத்தகை நிறுவனங்கள், ரயில், நெடுஞ்சாலை நிறுவனங்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஆலோசனை நிறுவனத்தில் இருப்பவருக்கு மேசையும் கணினியும். குத்தகை நிறுவனத்தில் இருப்பவருக்கு வெயிலும் சேறும். தளத்துக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பச்சை அட்டை வேண்டும். அது எஞ்சினியருக்கும் சிமெண்டு சுமப்பவருக்கும் பொது.

கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முதல் சில ஆண்டுகளில் சம்பளம் ஊரார் நினைப்பது போல் பெரிதாக இராது. வேலை ஓரிடத்தில் நிற்காது; இன்று தைப்பிங், நாளை சரவாக். கான்கிரீட் ஊற்றத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது, இரவு எத்தனை மணி ஆனாலும் சரி. நாட்டின் பொருளாதாரம் தளர்ந்தால் முதலில் நிற்பது கட்டுமானம்தான். 1997, 1998 ஆண்டுகளின் நெருக்கடியில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். கணக்கில் விருப்பமில்லாத பிள்ளையை, பெயருக்காக இதில் தள்ளவேண்டாம். அது பிள்ளைக்கும் நல்லதல்ல, அவன் கட்டும் பாலத்தில் போகிறவர்களுக்கும் நல்லதல்ல.

பெண் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு வருவோம். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் பொறியியல் படித்து 1944-இல் பட்டம் பெற்றவர் பி.கே. திரேசியா. அந்தக் காலத்தில் பெண்கள் அந்தக் கல்லூரிக்குள் வந்ததே புதுமை. அவர் 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியியலாளர் ஆனார்; இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதல் பெண் அவர். இன்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பொறியியல் வகுப்புகளில் மாணவியர் பலர் இருக்கிறார்கள். எடை தூக்கும் வேலையாக இருந்தால் தயங்கலாம். இது எடையைக் கணக்கிடும் வேலை.

கிராமத்துப் பிள்ளையால் இத்துறையில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்டால், இன்னொரு பெயரைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் 1934-இல் பிறந்தவர் அழகையா துரைராஜா. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் களிமண்ணை ஆராய்ந்தார். பாரம் ஏறும்போது ஈரக் களிமண் எப்படி வளைந்து கொடுக்கிறது என்பதை விளக்கி, ராஸ்கோ, ஸ்கோஃபீல்டு என்னும் இரு அறிஞர்களோடு சேர்ந்து அவர் 1963-இல் வெளியிட்ட கட்டுரை, மண் இயக்கவியலில் அடிப்படையான ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. பின்னாளில் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து 1994-இல் மறைந்தார். உலகம் முழுவதும் மண்ணைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் ஒரு தமிழரின் பெயரையும் சேர்த்தே படிக்கிறார்கள்.

மாணவ மாணவியரே, மழை பெய்தால் எந்தப் பக்கம் தண்ணீர் ஓடும், எந்த மேட்டு மண் சரியும், எந்தச் சதுப்பில் கால் புதையும் என்பதெல்லாம் தோட்டத்தில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அறிவோடு கணக்கையும் சேர்த்துக்கொண்டால், அதுவே சிவில் பொறியியலின் தொடக்கம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மூன்றாம் படிவத்தில் இருந்தால், இந்த ஆண்டு முடிவதற்குள் மூன்று காரியங்கள் செய்யுங்கள். கணித ஆசிரியரை நேரில் கண்டு, பிள்ளை கூடுதல் கணிதம் எடுக்க முடியுமா, எந்த இடத்தில் பின்தங்கியிருக்கிறான் என்று கேளுங்கள். உங்கு ஒமார் போலிடெக்னிக்கோ வேறு உயர்கல்விக்கூடமோ பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில் பிள்ளையை அழைத்துப்போய், சோதனைக்கூடத்தைக் காட்டுங்கள். பாடத் தேர்வுப் பாரத்தில் கையொப்பமிடுமுன், அதிலுள்ள பாடங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள்; படிக்கத் தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாள் உங்கள் பிள்ளை ஒரு பாலத்தின் வரைபடத்தில் இடப்போகும் கையெழுத்துக்கு, நீங்கள் அந்தப் பாரத்தில் இடும் கையெழுத்தே அடித்தளம்.